"ஓய்வு நிலை" என்னும் பெயரும் கலவட்டத்தின் வரலாறும்

கலம் ஒன்று வளர்ந்து இரண்டாகப் பிரிய, பிரிந்தவை மீண்டும் வளர்ந்து பிரியும் ஒழுங்கினைக் கலவட்டம் என்பர். இவ்வொழுங்கு அறியப்பட்ட வரலாற்றை நோக்குமிடத்து, பொருந்தாப் பெயரொன்று ஆய்வாளரின் கவனத்தை நெடுங்காலம் திசைதிருப்பியமையை நாம் காண்கிறோம். "ஓய்வு நிலை" என்பதே அப்பெயர்.

1665 ஆம் ஆண்டிலேயே றொபேட் ஹூக் தக்கைத் துண்டிற் கலங்களைக் கண்டு வெளிப்படுத்தினார். எனினும் அவை எவ்வாறு தோன்றுகின்றன என்பது பல காலம் தெளிவுறவில்லை. 1838, 1839 ஆம் ஆண்டுகளிற் கலக்கொள்கையை வகுத்த சிலைடனும் சுவானும், கரைசலிற் பளிங்கு விளைவது போலப் புதிய கலங்கள் விளைகின்றன என்றே கருதினர். 1852 இல் றெமாக்கும் 1855 இல் விர்ச்சோவும், கலம் கலத்திலிருந்தே தோன்றும் என வலியுறுத்தினர்.

இதன்பின், ஜேர்மனியின் கீல் நகரிற் பணியாற்றிய வால்தர் பிளெமிங், சலமந்தர்க் குடம்பிகளின் இழையங்களுக்குச் சாயமூட்டி, கருவினுள் நூல் போன்ற உருக்கள் நெடுக்காகப் பிளவுறுவதைக் கண்டார்; 1882 இல் வெளியிட்ட நூலில் அதனை விரித்துரைத்தார். நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அவர் படைத்த பெயரே தமிழில் இழையுருப்பிரிவு ஆயிற்று.

பிரிவு நுணுக்குக்காட்டியிற் கண்கூடாகப் புலப்பட்டது. இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலத்திலோ நூல்கள் தோன்றவில்லை. ஆகவே அக்காலத்திற் கலம் ஓய்ந்திருக்கிறது என்றனர். ஆனால், வளர்ப்பூடகத்தில் ஏறத்தாழ 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரியும் மனிதக் கலத்தில், பிரிவுக்குச் செல்வது ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே. எஞ்சிய காலம் முழுவதும் ஓய்வாயின், கலம் தன் மரபுப்பொருளை இரட்டித்துக் கொள்வது எப்போது?

இவ்வினாவுக்கு இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் விடை கிடைத்தது. அங்கு அல்மா ஹவாட், ஸ்டீபன் பெல்க் ஆகிய இருவரும் விசியா பாபா என்னும் அவரையினச் செடியின் வேர்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசை ஊட்டி, அதனை டீ.என்.ஏ. யிற் சேர்த்துக்கொண்ட கலங்களை ஒளிப்படப் படலத்தின் வாயிலாக இனங்கண்டனர். 1951, 1953 ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள், டீ.என்.ஏ. தொகுப்பு "ஓய்வு" எனப்பட்ட காலத்தின் இடையே, ஒரு குறித்த பகுதியில் நிகழ்வதைக் காட்டின. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளை அவர்கள் இடைவெளிகள் என்றனர். அங்கு நிகழ்வது அறியப்படாத நிலையில் எழுந்த பெயர் அதுவுமாகும்.

அவ்விடைவெளிகளைப் பின்வந்தோர் விளக்கினர். அமெரிக்காவில் லீலண்ட் ஹாட்வெல் அரும்பும் மதுவத்திலும், எடின்பரோவிற் போல் நேர்ஸ் பிளவுறும் மதுவத்திலும் கலவட்டத்தை ஆளும் பரம்பரையலகுகளைக் கண்டனர். 1982 இல் ரிம் ஹண்ட், கடல் முள்ளெலி முட்டைகளில் ஒவ்வொரு பிரிவின்போதும் அழிந்து மீண்டும் பெருகும் புரதமொன்றைக் கண்டார். 1987 இல் நேர்சின் ஆய்வுக்கூடம், மதுவத்தின் பரம்பரையலகுக்கு ஈடானது மனிதரிலும் உண்டெனக் காட்டியது. 2001 இல் இம்மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இவற்றோடு ஒப்பவைக்கத்தக்கது, 1988 இல் வைனேட்டும் ஹாட்வெல்லும் வெளியிட்ட ஆய்வு. கதிர்வீச்சால் டீ.என்.ஏ. பழுதுற்ற மதுவக்கலம், பழுது திருத்தப்படும்வரை பிரியாது தரித்து நிற்கும்; அத்தரிப்புக்குரிய பரம்பரையலகை இழந்த கலமோ நில்லாது பிரிந்து மடியும். மனிதக் கலங்களில் இத்தகைய தரிப்புத் தவறுதல் புற்றுநோய் தோன்றும் வழிகளுள் ஒன்றாகும்.

ஆகவே, ஓய்வென ஒதுக்கப்பட்ட காலமே, பிரிவதா நிற்பதா என்பதைக் கலம் தீர்த்துக்கொள்ளும் காலம் என்பது பெறப்படும். கருவிக்குப் புலப்படாத ஒன்றை நிகழாத ஒன்றாகக் கொள்ளலாகாது என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.