வழிகாட்டி சொல்லாத வரலாறு

பூமியில் பயணம் செய்து, முன்னோரின் முடிவு எவ்வாறு ஆயிற்று என்பதை நோக்குமாறு திருமறை பல இடங்களில் நம்மைப் பணிக்கிறது. அங்கெல்லாம் பயணமும் பார்வையும் இணைத்தே சொல்லப்படுகின்றன. செல்வது மட்டும் போதாது. சென்ற இடத்தில் நோக்கவும் வேண்டும். இவ்விரண்டில் முன்னதைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். பின்னதை வாங்குவதற்குக் கடை இல்லை. இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி.

சங்கரன்கோவிலில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது வணிகத்தில் நல்ல நிலையில் இருப்பவர், தம் தாயார், மனைவி, மக்களுடன் ஐரோப்பாவுக்குப் புறப்படுவதாகச் சொல்லி துஆப் பெற வந்தார். பன்னிரண்டு நாள் பயணம்; நாற்பது பேர் கொண்ட குழு; ஒரே பேருந்து; உடன் ஒரு வழிகாட்டி. இலண்டனில் தொடங்கி, பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலியில் முடியும் ஏற்பாடு.

அவர் நம்மிடம் கேட்டவை மஸ்அலாக்கள். தொழுகையைச் சுருக்குவது எப்படி? ஓடும் பேருந்தில் கிப்லாவுக்கு என்ன செய்வது? இறைச்சி ஹலாலா என்று அறியாத இடத்தில் உண்பது எதை? ஷாஃபிஈ மத்ஹபில் இருவேளைத் தொழுகையைச் சேர்த்துத் தொழ இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி அதற்கு இடமில்லை. மே மாதக் கடைசியில் பாரிசில் இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறையும். ஆதலால் இஷாவுக்கு நெடுநேரம் விழித்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். நம் கடமை முடிந்தது என்றே எண்ணியிருந்தோம்.

திரும்பி வந்தபின் குடும்பத்தோடு நம் இல்லத்துக்கு வந்தார்கள். மஸ்அலாத் தாள் பயன்பட்டதாகத் தாயார் மகிழ்ந்து சொன்னார். நான்கரை மணி நேரம் வண்டி ஓட்டியவர் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். அந்த ஓய்வு வேளைகளில் சாலையோரப் புல்தரையில் அவர் முஸல்லா விரித்துத் தொழுதாராம். பின்னர்ச் சிறுமி தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைத் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் நின்றிருந்தாள். நாம் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"இவ்வளவு ஊர் பார்த்தோமே ஹஜ்ரத், அங்கே நம்மோடது ஒண்ணுமே இல்லையா?"

நாம் அந்தப் படத்தை மீண்டும் வாங்கிப் பார்த்தோம். அவளுடைய தோளுக்குப் பின்னே பீசாவின் பெரிய தேவாலயக் கூரை தெரிந்தது. அக்கணத்தில் நமக்கு உண்டானது வெட்கம். காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

கூட்டுப் பயணத்தின் கதை

வழிகாட்டியின் பின்னே கூட்டமாய்ச் செல்வது நமக்குப் புதிதன்று. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலுக்கு வண்டி வண்டியாய் மக்கள் வந்து இறங்குவதை ஆண்டுதோறும் காண்கிறோம். நம்மவர்களும் நாகூருக்கும் ஏர்வாடிக்கும் பொட்டல்புதூருக்கும் சமையல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாய்ச் செல்வர். இன்று ஐரோப்பாவில் இந்தியக் குழுவினரை ஒவ்வோர் இரவும் இந்திய உணவகத்துக்கு அழைத்துச் செல்வதும் அந்தப் பாத்திரத்தின் தொடர்ச்சியே.

நம் வரலாற்றில் இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களைத் தலைவராக்கி நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்கு ஒரு குழுவை அனுப்பினார்கள். பின்னாளில் கெய்ரோவிலிருந்தும் திமிஷ்கிலிருந்தும் புறப்பட்ட பெருங் காஃபிலாக்களுக்கு 'அமீருல் ஹஜ்' என்ற தலைவர் இருந்தார். தண்ணீரும் பாதுகாப்பும் தங்குமிடமும் அவர் பொறுப்பு. மக்காவை அடைந்தபின் முதவ்விஃப் என்னும் வழிகாட்டி பொறுப்பேற்பார்.

ஐரோப்பாவில் இன்றைய முறையிலான கூட்டுப் பயணத்தைப் பரப்பியவர் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர். 1841 ஜூலை 5-ஆம் நாள், லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், தனி ரயிலில் அவர் அழைத்துச் சென்றார். எதற்காக? மதுவிலக்குக் கூட்டத்திற்காக! குடியை வெறுத்தவர் தொடங்கிய தொழில் இது என்பது நம் வாசகர்க்கு வியப்பளிக்கும். 1855-இல் பெல்ஜியம், ரைன் ஆற்றங்கரை, பாரிஸ் எனத் தம் குழுவை நடத்தினார், 1863-இல் சுவிட்சர்லாந்து. நம் மாணவரின் குடும்பம் சென்ற வழி, பெரும்பாலும் அன்று வகுத்த வழியே.

அதே நிறுவனம் நம் ஹாஜிகளின் வரலாற்றிலும் இடம்பெறுகிறது. அக்காலத்தில் பம்பாய்த் தரகர்களிடமும் நெரிசலான கப்பல்களிலும் ஹாஜிகள் பட்ட துன்பம் சொல்லி முடியாது. 1880-இல் 'ஜித்தா' என்ற கப்பல், ஏறத்தாழ 950 பயணிகளுடன் நடுக்கடலில் தத்தளித்தபோது, அதன் தலைவனும் அதிகாரிகளும் அவர்களைக் கைவிட்டுத் தாம் மட்டும் தப்பி ஓடினர். மூழ்கிவிட்டது என்று அவர்கள் கூறிய கப்பல், பயணிகளோடு ஏடனுக்கு இழுத்து வரப்பட்டது. இத்தகைய இழிநிலையை மாற்றக் கருதிய இந்திய அரசு, 1886-இல் ஹஜ்ஜுப் பயண ஏற்பாட்டைக் குக் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஆதாயம் இல்லாமையால் அந்த ஏற்பாடு சில ஆண்டுகளே நீடித்தது. குக் தொடங்கிய அந்த ஆங்கில நிறுவனமும் 178 ஆண்டுகளுக்குப் பின் 2019 செப்டம்பரில் வீழ்ந்தது. ஆனால் அவர் வகுத்த முறை வாழ்கிறது. 1985-இல் ஷெங்கன் என்ற சிற்றூரில் கையெழுத்தான உடன்பாட்டினால், இன்று 29 நாடுகளுக்கு ஒரே விசா போதும். எல்லையில் வண்டி நிற்பதும் அரிது.

பார்க்கத் தெரிந்த ஓர் ஆலிம்

நம்மைப் போன்று மதரஸாவில் ஓதிய ஒருவர், ஒரு குழுவோடு ஐரோப்பா சென்று எப்படிப் பார்த்தார் என்பதற்குச் சான்று, எகிப்தின் ரிஃபாஆ அத்தஹ்தாவி. அல்-அஸ்ஹரில் கற்ற அவர், 1826-இல் முகம்மது அலீ பாஷா பாரிசுக்கு அனுப்பிய மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்றார். தொழுகை நடத்துவதே அவருக்கிட்ட பணி. அவரோ பிரெஞ்சு மொழியைக் கற்றார், நூல்களை மொழிபெயர்த்தார், சட்டம், செய்தித்தாள், பள்ளிக்கூடம் யாவற்றையும் ஆராய்ந்தார். மார்செய் நகரக் காபிக்கடையில் சுவரெங்கும் பதித்த கண்ணாடிகளைக் கண்டு, அதைப் பெரியதொரு தெரு என மயங்கியதையும், தம் உருவையே பலவாகக் கண்டபின் தெளிந்ததையும் ஒளிக்காமல் எழுதினார். 1831-இல் தாயகம் திரும்பி, 1834-இல் தம் பயண நூலை வெளியிட்டார். நல்லதைப் பாராட்டவும் ஒவ்வாததை மறுக்கவும் அவருக்குத் தயக்கம் இல்லை.

அவர் ஐந்தாண்டுகள் தங்கினார். நம்மவர்கள் பன்னிரண்டு நாட்கள். இருப்பினும் எதைத் தேடுவது என்று அறிந்து சென்றால், பன்னிரண்டு நாட்களிலும் காணத்தக்கவை உண்டு.

அதே சாலையில் நம் சுவடுகள்

சிறுமியின் கேள்விக்கு வருவோம். பேருந்து சென்ற வழியிலேயே நாமும் செல்வோம்.

இலண்டனுக்கு அருகில் வோக்கிங் என்ற ஊர். அங்கே போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் பொருளுதவியால் 1889-இல் எழுந்த பள்ளிவாசல், ஷாஜஹான் மஸ்ஜித் என்றே இன்றும் வழங்குகிறது. முதல் உலகப் போரில் காயமுற்ற இந்திய வீரர்கள் பிரைட்டன் நகரின் அரண்மனையில் சிகிச்சை பெற்றனர். அங்கு உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களை வோக்கிங்கில் நல்லடக்கம் செய்தனர். பெல்ஜியத்தின் ஹொல்லபேக்கில் 1914 அக்டோபர் 31-இல் காட்டிய வீரத்துக்காக, விக்டோரியா சிலுவை விருதை இந்தியப் படைவீரர்களில் முதன்முதலாகப் பெற்றவர் குதாதாத் கான். பிரான்சின் நெவ் ஷப்பேலில் இந்திய வீரர்க்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. இந்து, முஸ்லிம், சீக்கியர் என 4,700-க்கும் மேற்பட்டோர் பெயர்கள் அங்கே ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

பாரிசில் ஐஃபல் கோபுரத்தைக் காட்டினார்கள். அதே நகரில் 1926-இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல், பிரான்சுக்காகப் போரிட்டு மடிந்த முஸ்லிம்களின் நினைவை ஒட்டி எழுந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் காரைக்காலிலிருந்து அந்நாட்டில் குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசாவின் முன்னே நெருக்கிக்கொண்டு நின்றார்களாம். அதே மாளிகையில் பித்தளையில் வெள்ளியும் பொன்னும் பதித்த ஒரு பெருந்தொட்டி இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் மம்லூக்கியரின் நாட்டில் முகம்மது இப்னு அஸ்ஸைன் என்ற கைவினைஞர் செய்து, தம் பெயரையும் அரபியில் பொறித்தது. 1606-இல், பிரான்சின் மன்னராகப் பின்னர் விளங்கிய பதின்மூன்றாம் லூயிக்கு ஞானஸ்நானம் செய்வித்தது இத்தொட்டியில்தான்!

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1613-லேயே அரபிக்குப் பேராசிரியராக எர்ப்பேனியுஸ் அமர்ந்துவிட்டார். வெனிசில் படகேறிச் சென்ற பெருங்கால்வாயின் கரையில், துருக்கி வணிகர் தங்கிய மாளிகை நிற்கிறது. அதன் பெயரில் உள்ள 'ஃபோந்தாகோ' என்ற சொல், அரபியின் 'ஃபுந்துக்' என்பதே. அந்நகரிலேயே 1537-38-இல், திருக்குர்ஆன் முழுவதும் அரபி எழுத்தில் முதன்முதலாக அச்சேறியது. எழுத்துப் பிழை மலிந்த அப்பதிப்பு அழிந்தே போயிற்று என்று அறிஞர் நம்பியிருக்க, 1987-இல் வெனிசின் ஒரு கிறித்தவ மடத்து நூலகத்தில் ஒரு படி கிடைத்தது. ரோமில், வாத்திகன் மாளிகைச் சுவரில் ரஃபேல் தீட்டிய தத்துவ ஞானிகள் ஓவியத்தில், கிரேக்க மேதைகளிடையே தலைப்பாகையுடன் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். அவர் நம் இப்னு ருஷ்து.

இனிப் பீசா. சிறுமியின் தோளுக்குப் பின்னே தெரிந்த அந்தத் தேவாலயக் கூரையின்மீது, 1828 வரை பல நூற்றாண்டுகளாக ஒரு வெண்கல விலங்கு நின்றது. கழுகின் தலையும் சிறகும், சிங்கத்தின் உடலும் கொண்டது. ஒரு மீட்டருக்கு மேல் உயரம். அதன் உடலைச் சுற்றி உள்ளவை கூஃபி எழுத்துக்கள்! உடையவருக்குப் பரக்கத்தும் நிஃமத்தும் வேண்டும் அரபி வாழ்த்து அது. அந்தலூஸில் வார்க்கப்பட்டது என்பதே அறிஞர் பலரின் கருத்து. போர்க்கொள்ளையாகப் பீசாவை அடைந்திருக்கலாம் என்பர். இன்று அது அவ்வூர்த் தேவாலய அருங்காட்சியகத்தில் உள்ளது. கோபுரத்திலிருந்து சில நிமிட நடை. பீசாவில் பிறந்த ஃபிபனாச்சி, வட ஆப்பிரிக்காவின் பிஜாயாவில் கணக்குக் கற்று, 1202-இல் எழுதிய நூலினால்தான் இந்திய எண்கள் ஐரோப்பிய வணிகரிடையே பரவின. நம் நாட்டில் பிறந்து, அரபியர் கையில் வளர்ந்து, பீசாவில் குடிபுகுந்த எண்கள் அவை. அச்சிறுமி அனுமதிச் சீட்டில் படித்த கட்டணமும் அந்த எண்களில்தான் இருந்தது.

வெட்கத்தின் காரணம்

இவற்றில் பலவும் நமக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வரி சொல்லாமல் அனுப்பினோம். தொழுகையைச் சுருக்கச் சொல்லிக் கொடுத்த நாம், பார்வையை விரிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. வழிகாட்டியைக் குறைகூறுவதில் நியாயமில்லை. நாற்பது பேரைக் குறித்த நேரத்தில் வண்டியேற்றுவது அவர் தொழில். நம் வரலாற்றைச் சொல்வது ஆசிரியரான நம் கடமை. கடமையில் தவறியவர் நாமே.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லிவைப்போம். இவை வெற்றுப் பெருமை பேசுவதற்கு அல்ல. பயணக் குழுக்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஸ்பெயினில், 785-இல் தொடங்கிய குர்துபா பெரும்பள்ளி 1236-இல் தேவாலயமாயிற்று. 1933-இல் அதைக் கண்ட அல்லாமா இக்பால் உருகிப் பெருங்கவிதை படைத்தார். அப்பள்ளியைத் தாங்கும் தூண்களிலோ, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை பல. பீசாவின் கூரையில் அரபி எழுத்து. குர்துபாவின் வளைவுக்குக் கீழ் ரோமானியத் தூண். யாருடையது யாருடையது என்று கயிறு கட்டிப் பிரிக்க இயலாதபடி வரலாறு பின்னிக் கிடக்கிறது. 'நம்மோடது' என்ற சொல்லின் பொருளைச் சிறுமிக்கு விரித்துச் சொல்லும்போது, இதையும் சேர்த்தே சொன்னோம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்" என்றாள். தந்தை அவளை அதட்டினார். நாம் அவரைத் தடுத்தோம். அவள் சொன்னது சரி.

இப்போது பயணம் கேட்டு வருவோர்க்கு இரண்டு தாள்கள் தருகிறோம்: ஒன்றில் மஸ்அலாக்கள், மற்றொன்றில் செல்லும் ஊர்களின் வரலாறு. அத்துடன் ஒரு வேண்டுகோளும் வைக்கிறோம். தஹ்தாவியைப் போல் கண்டதை அன்றன்றே குறித்து வாருங்கள்; வந்து நமக்கும் சொல்லுங்கள். அந்தச் சிறுமி தன் நினைவிலிருந்து ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கியிருக்கிறாள். பீசாவுக்கு மட்டும் இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறாள். மீண்டும் சென்று பார்த்துவிட்டு எழுதுவாளாம். அல்லாஹ் அதற்கு வழி செய்வானாக.