முதல் அறை: மெய்நிகர் உலகங்களுக்குப் புதுசா வந்தவர்களின் கதை

போன மாதம் ஒரு இரவு நாங்கள் மூன்று பேர் ஒரு அலமாரிக்குள் மாட்டுப்பட்டோம். கோட் மாட்டுகிற அலமாரி, எழுத்தால் கட்டினது. கறுப்புத் திரையில் நாலைந்து ஆங்கில வரிகள்: இருட்டு, நெருக்கம், சுற்றிவரக் கோட்டுகள். படம் இல்லை, அமத்துறதுக்கு ஒரு பட்டனும் இல்லை. முதலில் தமிழில் "வணக்கம்" என்று அடித்துப் பார்த்தோம். போகவே இல்லை, ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் அந்த இடம் வாங்காது. "ஹெல்ப்" என்று அடித்தோம், பக்கம் பக்கமாக வாசிக்க வந்தது. பத்து நிமிசத்துக்குப் பிறகு எங்களில் ஒருத்தி, "சும்மா அவுட் எண்டு அடிச்சுப் பாப்பமே" என்றாள். கதவு திறந்தது. ஒரு வரவேற்பறை. அங்கே ஒரு கொக்கட்டூக் கிளி, ஆக்கள் கதைத்ததை இடையிடையே திருப்பிச் சொல்லிக்கொண்டு இருந்தது. எங்களோடு முதலில் கதைத்தது அந்தக் கிளிதான்.

அந்த இடத்தின் பெயர் லம்டாமூ. கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பாவெல் கேர்ட்டிஸ் 1990 இல் தொடங்கிய உலகம். தான் குடியிருந்த வீட்டையே மாதிரியாக வைத்து அதைக் கட்டினார். முப்பது வருசத்துக்கு மேலாகியும் புதுசா வாற விருந்தாளி அந்த அலமாரிக்குள்தான் முதலில் வந்து விழவேண்டும்.

மெய்நிகர் உலகங்களின் வரலாறு என்றால் பெரும்பாலும் இயந்திரங்களின் கதையைத்தான் சொல்லுவார்கள். எந்த ஆண்டு எந்தக் கொம்பனி எதை வெளியிட்டது, படம் எவ்வளவு தெளிவானது என்று போகும். அலமாரியிலிருந்து வெளியே வந்த பிறகு எங்களுக்கு வேறொரு கேள்வி வந்தது. இந்த உலகங்களுக்குள் புதுசா வந்தவரை எங்கே நிற்க வைத்தார்கள்? அவரோடு யார் முதலில் கதைத்தது? தேடி வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. இந்த உலகங்களின் சட்டதிட்டங்களில் முக்கியமான பல, புதியவர்கள் செய்த ஏதோவொன்றால், அல்லது அவர்களுக்கு நடந்த ஏதோவொன்றால் வந்தவை.

நோவிஸ்

1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் மட் என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். 1980 இல் அவருடைய நண்பர் ரிச்சர்ட் பார்ட்டில் அதைப் பொறுப்பெடுத்தார். இருவரும் எங்களை மாதிரிப் படித்துக்கொண்டிருந்த பொடியன்கள்தான். ஒரே உலகத்துக்குள் பலர் ஒரே நேரத்தில் நடமாடலாம், ஒருவரோடு ஒருவர் கதைக்கலாம், சண்டை பிடிக்கலாம். எல்லாமே எழுத்து. பல்கலைக்கழகத்துக் கொம்பியூட்டருக்கு வேலை குறைவான நடுச்சாமத்துக்குப் பிறகு, வெளியாட்களும் தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே வந்து விளையாடினார்கள்.

மட்டில் புதியவருடைய பதவிப் பெயர் நோவிஸ். புதையல்களைக் கண்டுபிடித்துச் சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளி கிடைக்கும். புள்ளி ஏற ஏறப் பதவி உயரும். உச்சிக்குப் போனவர் விசார்ட், அதாவது மந்திரவாதி. மந்திரவாதி நினைத்தால் மற்றவர்களை எதுவும் செய்யலாம். சண்டையில் செத்தால் வாரக்கணக்கில் வளர்த்த பாத்திரமே அழிந்துபோகும். புதியவருக்கு அது எவ்வளவு பயமான இடமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இதற்குள் ஒரு ஆசையும் இருந்தது. பிரித்தானியாவின் வர்க்க அமைப்புக்கு எதிரான உணர்வும் மட்டை எழுதியதற்கு ஒரு காரணம் என்று பார்ட்டில் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறந்த இடமும் பேசுகிற உச்சரிப்பும் கணக்கில் வராத, திறமை மட்டும் எண்ணப்படுகிற ஒரு இடம் வேண்டும் என்பது அவர்களுடைய கனவு. அந்தக் கனவு தனக்கென்று ஒரு புதுப் படிநிலையையும் உண்டாக்கியது: மேலே மந்திரவாதி, கீழே நோவிஸ். 1996 இல் பார்ட்டில் எழுதிய பிரபலமான கட்டுரையில் விளையாடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிப்பவர், தேடித் திரிபவர், பழக வருபவர், மற்றவரை வதைப்பவர். வதைப்பவர்கள் கூடினால் பழக வருபவர்கள் விலகிப் போவார்கள் என்பது அதில் ஒரு முக்கியமான கவனிப்பு. பயந்து போனவர்கள் திரும்பி வராவிட்டால் உலகமே காலியாகிவிடும்.

இரண்டாயிரம் டோக்கனும் ஒரு இரவும்

அடுத்த கதை 1986 இல் நடக்கிறது. ஸ்டார் வோர்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம், ஹபிடாட் என்ற உலகத்தைக் கொமடோர் 64 கொம்பியூட்டருக்காகச் செய்தது. வடிவமைத்தவர்களில் முக்கியமான இருவர் சிப் மோர்னிங்ஸ்டாரும் ரண்டி ஃபாமரும். இதில் படம் இருந்தது. திரையில் தெரிகிற ஆளுக்கு அவர்கள் வைத்த பெயர் அவதார். எங்கட கோயில் கதைகளில் தெய்வம் கீழே இறங்கி வருவதைக் குறித்த சொல், இப்ப சாதாரண மனுசன் கொம்பியூட்டருக்குள் இறங்குவதைக் குறிக்கத் தொடங்கியது. இன்றைக்கு அந்தச் சொல் 'அவதார்' என்று ஆங்கில உடுப்புப் போட்டுக்கொண்டு எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது.

ஹபிடாட்டை 20,000 அவதார்களுக்காகத் திட்டமிட்டார்கள். புதுசா பிறக்கிற ஒவ்வொரு அவதாருக்கும் 2,000 டோக்கன் கைக்காசு, உள்ளே வருகிற ஒவ்வொரு நாளும் இன்னும் 100. கனிவான ஏற்பாடுதான். ஆனால் ஒரு பிழை இருந்தது. நகரத்தின் ஒரு மூலையில் பொம்மை விற்கிற இயந்திரத்தில் பொம்மை 75 டோக்கன். இன்னொரு மூலையில் இருந்த அடகு இயந்திரம் அதே பொம்மையை 100 டோக்கனுக்கு வாங்கியது. இதே மாதிரி ஒரு கண்ணாடிக் கோளம் 18,000 க்கு வாங்கி 30,000 க்கு விற்கலாம். சில பேர் இதைக் கண்டுபிடித்து, இரவிரவாகப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார்கள். காசு சேரச் சேரக் கோளத்துக்கு மாறினார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் உலகத்தில் இருந்த மொத்தக் காசு ஐந்து மடங்காகியிருந்தது!

எப்படி வந்தது என்று கேட்டால் அவர்கள் லேசில் சொல்லவில்லை; கெஞ்சித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நல்ல காலம், அந்தப் பணக்காரர்கள் தங்களுடைய காசில் மற்றவர்களுக்குப் புதையல் வேட்டை நடத்தினார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை துவக்கும் திருட்டும். செத்த அவதார் வீட்டில் திரும்ப முளைக்கும், ஆனால் கையிலும் பையிலும் இருந்தது போய்விடும். கொலை செய்வது குற்றமா, விளையாட்டின் ஒரு பகுதியா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். பாதிக்குப் பாதி வந்தது. கடைசியில் ஒரு இணக்கம்: நகரத்துக்குள் துவக்கும் திருட்டும் வேலை செய்யாது, காட்டுப் பக்கம் முந்தி மாதிரியே இருக்கும். நிஜ வாழ்க்கையில் கிரேக்க ஓர்தொடொக்ஸ் குருவாக இருந்த ஒருவர் உள்ளே ஒரு தேவாலயத்தைத் திறந்தார். அவருடைய சீடர்கள் ஆயுதம் தொடக்கூடாது. பிறகு மக்கள் ஒரு ஷெரீஃபைத் தெரிவு செய்தார்கள். தெரிவு செய்த பிறகுதான், அவருக்கு என்ன அதிகாரம் இருக்கவேண்டும் என்று தங்களுக்குள் வாதம் செய்யத் தொடங்கினார்கள்.

வாரக்கணக்கில் கட்டின புதிர்த் தீவு ஒன்றை ஒரு ஆள் எட்டு மணித்தியாலத்தில் முடித்த கதையும் உண்டு. எல்லாவற்றையும் மேலிருந்து திட்டமிட முடியாது என்பதுதான் தாங்கள் படித்த பாடம் என்று மோர்னிங்ஸ்டாரும் ஃபாமரும் 1990 இல் எழுதினார்கள். வந்தவர்களைப் பார்த்து, அவர்களுக்குப் பின்னால் போவதுதான் வழி.

சொல்லால் அடித்தால்

இப்ப திரும்பவும் லம்டாமூவுக்கு. அங்கே சண்டை சச்சரவு கூடக்கூட, அதைத் தீர்க்கிற வேலை மந்திரவாதிகளுடைய தலையில் விழுந்தது. களைத்துப்போன கேர்ட்டிஸ் 1992 டிசம்பரில் ஒரு அறிவிப்பு விட்டார்: இனி நாங்கள் தொழில்நுட்பத்தை மட்டும் பார்ப்போம், சமூகப் பிரச்சினைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களில், 1993 இல், அது நடந்தது. மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் வந்த ஒரு ஆள், வேறு ஆக்கள் செய்வது போலத் திரையில் வரிகளைக் காட்டுகிற ஒரு சின்ன நிரலைப் பயன்படுத்தி, அந்த வரவேற்பறையில் எல்லோருக்கும் முன்னால் சிலர் மீது பாலியல் வன்முறையை எழுத்தில் நடத்தினார். அவர்கள் தடுக்க முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் அடுத்த நாள் அதைப் பற்றி எழுதும்போது கண்ணீர் வடிந்ததாக ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் பதிவு செய்திருக்கிறார். அவருடைய கட்டுரை அந்த வருசம் டிசம்பரில் நியூயோர்க்கின் வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகையில் வந்தது.

குடியிருந்தவர்கள் கூட்டம் கூடினார்கள். அது வெறும் எழுத்துத்தானே, திரையை மூடிவிட்டுப் போகலாமே என்றார்கள் சிலர். அந்தச் சொற்கள் விழுந்தது உண்மையான மனுசர் மேலே என்றார்கள் மற்றவர்கள். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. பிறகு ஒரு மந்திரவாதி தன்னிச்சையாகப் பங்கிளின் கணக்கை அழித்தார். இதையெல்லாம் பார்த்த கேர்ட்டிஸ், மனுப்போட்டு வாக்கெடுத்து முடிவெடுக்கிற ஒரு முறையைக் கொண்டுவந்தார். பொறுப்பை யாருக்கும் கொடுக்காமல் விட்டால் சுதந்திரம் வந்துவிடாது, பலசாலி வருவான் என்பதை அந்த வீடு இப்படித்தான் படித்தது.

முகில் மாதிரி

2003 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லாப், செகண்ட் லைஃப் உலகத்தைத் திறந்தது. இங்கே வெல்லவோ தோற்கவோ எதுவும் இல்லை. வீடு, உடுப்பு, மரம் எல்லாம் குடியிருக்கிறவர்களே செய்வது. 2007 மே மாதம் மாலைதீவு அதற்குள் தூதரகமே திறந்தது. அப்படித் திறந்த முதல் நாடு எங்கட பக்கத்து நாடுதான். ஒரு சில நாட்களுக்குப் பிறகுதான் சுவீடன் வந்தது.

நாங்களும் போய்ப் பார்த்தோம். எங்கட பழைய மடிக்கணினியில் எங்கட அவதார் கனநேரம் உருவம் எடுக்காமல் ஒரு முகில் மாதிரி நின்றது. உருவம் வந்த பிறகு நடக்கத் தெரியாமல் கடலுக்குள் போய்விட்டோம். நல்ல காலம், அங்கே தண்ணிக்கு அடியிலும் நடக்கலாம். இலவசமாக ஒரு உடுப்பு எடுத்தோம். அது பெட்டியோடு வந்து உடம்பில் ஒட்டிக்கொண்டது. பெட்டியை நிலத்தில் வைத்துத் திறக்கவேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கூச்சமாகப் போச்சு. பிறகு வாசித்தால், அங்கே புதுசா வந்த எத்தனையோ பேர் இதே பெட்டியோடு திரிந்திருக்கிறார்கள்.

புதியவர்களுக்கென்று கொம்பனி பழகு தீவுகள் செய்தது. ஆனால் எங்களைக் கவர்ந்தது குடியிருப்பவர்கள் தாங்களாகச் செய்தது. அவர்கள் நடத்துகிற இலவச வகுப்புகள் உண்டு. விர்ச்சுவல் அபிலிட்டி என்ற அமைப்பு, மாற்றுத்திறனாளிகள் உள்ளே வந்து பழக ஒரு தீவையே வைத்திருக்கிறது. அங்கே பாதை படிப்படியாகப் போகும், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன விசயம் மட்டும் பழகலாம். நேரம் எடுத்தால் எடுக்கட்டும், யாரும் பின்னால் நின்று தள்ளமாட்டார்கள். நாங்கள் கடலுக்குள் போகாமல் முதலே அங்கே போயிருக்கலாம்.

எங்கட முதல் அறை

இதெல்லாம் தூரத்துக் கதை மாதிரித் தெரியலாம். ஆனால் 'புதுசா வந்தவர்' என்ற சொல்லைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற எவரும் சாதாரணமாகக் கேட்கமாட்டார். 2020 முடக்கத்தில் விரிவுரைகள் சூமுக்குப் போனபோது, பகிடிவதையும் பின்னாலேயே போனுக்குள் வந்தது. புது பட்ச் ஆக்களை வட்சப் குழுக்களில் சேர்த்து, இரவில் அழைப்பெடுத்து, சொன்னதைச் செய்ய வைத்தார்கள். மைக்கை எப்படி நிப்பாட்டுறது என்று தெரியாத ஒரு பிள்ளைக்கு, அந்தக் குழுவிலிருந்து வெளியே வருகிற கட்டளை எது என்று யார் சொல்லிக் கொடுத்தது?

அதைக் கேட்டால் சில சீனியர்கள் சொன்ன பதில்: "ஃபோன்ல தானே, கை வைக்கேல்லையே." 1993 இல் லம்டாமூவில் சிலர் சொன்ன அதே பதில். ஆனால் எங்கட நாட்டின் 1998 ஆம் ஆண்டு 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம், உடல் காயத்தோடு மன வேதனையையும் பயத்தையும் சேர்த்துத்தான் பகிடிவதை என்று வரையறுக்கிறது. அந்த வாதத்துக்கு எங்கட சட்டம் எப்பவோ பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை வரவேற்பறைக்குள் கொண்டுவராமல் இருப்பது நாங்கள்தான்.

ஹபிடாட்டில் புதியவருக்குக் கைக்காசு கொடுத்தார்கள். மட்டில் நோவிஸ் என்ற பதவிப் பெயர் கொடுத்தார்கள். லம்டாமூவில் இருட்டு அலமாரி. ஒரு உலகம் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அதன் முதல் அறையில் தெரிந்துவிடும். அடுத்த பட்ச் வரப்போகுது. அவர்களுக்கு ஒரு குழு திறப்போம், நேர அட்டவணை போடுவோம், நூலகக் கணக்கு எப்படி எடுக்கிறது என்று சொல்லுவோம். ஆனால் அந்தக் குழுவில் முதல் செய்தி என்னவாக இருக்கவேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் அந்த இரவே முடிவெடுத்துவிட்டோம்: வெளியே போகவேண்டுமென்றால் எந்த நேரமும் போகலாம், இதுதான் வழி.