பேராக் மனிதனின் இடக்கை

வரலாறு என்றவுடன் நம் பிள்ளைகளின் நினைவில் எழுபவர்கள் மன்னர்களே. பரமேசுவரா மலாக்காவை நிறுவினார். இராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான். இவ்விரண்டையும் நாம் மறவாமல் கற்பிக்கின்றோம். ஆயினும், தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய மனித எலும்புக்கூடுகளுள் ஒன்று ஒரு மன்னனுடையதன்று. பிறவியிலேயே இடக்கை வளர்ச்சி குன்றிய ஒரு மனிதனுடையது. அம்மனிதனைப் பற்றியே இக்கட்டுரை.

பேராக் மாநிலத்தில், கோலகங்சாரிலிருந்து கிரிக் செல்லும் வழியில் அமைந்துள்ளது லெங்கோங் பள்ளத்தாக்கு. 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. ஜொகூர் பாருவிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. மாணவர்களை அழைத்துச் செல்ல இயலுமா என்று பார்த்துவரும் பொருட்டு, ஆசிரியர் நால்வர் பள்ளி விடுமுறையில் அங்குச் சென்றோம். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். ‘பாக்சிக்’ என்றே அவரை அழைத்தோம்.

பாக்சிக் முதலில் எங்களைக் கோத்தா தம்பானுக்கு அழைத்துச் சென்றார். 1938-இல் எச். டி. காலிங்ஸ் அகழ்ந்த இடம் அது. 1987-இல் பேராசிரியர் சுரைனா மஜீத் தலைமையில் மீண்டும் ஆராயப்பட்டது. 70,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட கற்கருவிப் பட்டறை ஒன்று அங்கே வெளிப்பட்டது. அடைகற்களும் சுத்தியற்கற்களும் முடிவுறாத கருவிகளும் தெறித்த சில்லுகளும் போட்டது போட்டபடி கிடந்தன. சுமத்ராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது சொரிந்த சாம்பல் இப்பகுதியில் படிந்தது. அதனாலேயே மக்கள் பட்டறையைக் கைவிட்டு அகன்றனர் என்பது ஆய்வாளர் கருத்து. இதே சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரத்திலும் கிடைத்துள்ளது; அங்கே அதன் கீழும் மேலும் கற்கருவிகள் உள்ளன. கடலுக்கு இருபுறமும் இருந்த மக்கள் ஒரே சாம்பலின் கீழ் வாழ்ந்திருக்கின்றனர்!

நண்பகலில் பாக்சிக் வீட்டில் உணவு. பேராக் ஆற்றின் லோமா மீனில் செய்த பெக்காசாம் பரிமாறப்பட்டது. உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்து, புளிப்புக்கு அசாம் கெப்பிங் இட்டு, நாள்கணக்கில் ஊறவைத்துப் பின் பொரித்தெடுப்பது. லெங்கோங்கின் பெயர் சொல்லும் உணவு அது. அடுத்து வந்தது தேங்காய்ப்பாலில் சமைத்த நத்தை. நத்தையின் வால்முனையை நறுக்கிவிட்டு, வாய்ப்பக்கத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். எங்களுக்கு அது எளிதில் கைவரவில்லை. பாக்சிக் சிரித்துக்கொண்டே, “இரண்டு கையும் வேண்டும், ஆசிரியர்களே” என்றார்.

அச்சொல் எனக்குப் பேராக் மனிதனை நினைவூட்டியது.

1991-இல் சுரைனா மஜீத் குழுவினர், புக்கிட் கெப்பாலா காஜா என்னும் சுண்ணாம்புக் குன்றிலுள்ள குவா குனோங் ருந்து குகையில் அவரைக் கண்டெடுத்தனர். புக்கிட் கெப்பாலா காஜா என்றால் யானைத்தலைக் குன்று. அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன். உயரம் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர். இடக்கை எலும்புகள் வலக்கையினும் சிறுத்திருந்தன. விரல்களிலும் பிறவிக் குறை இருந்தது. ஆயினும், அவர் நாற்பது வயதைக் கடந்தே இறந்திருக்கின்றார்.

கருவிலுள்ள குழந்தைபோல் கால்களை மடக்கி அவரைப் புதைத்திருந்தனர். அருகே கற்கருவிகளும் விலங்கெலும்புகளும் ஆயிரக்கணக்கான ஆற்று நத்தைகளின் ஓடுகளும் இருந்தன. கல்லைக் கொத்தவும், விலங்கை வேட்டையாடவும், நத்தையை உடைக்கவும் கை வேண்டியிருந்த காலம். அக்காலத்தில் வலுக் குன்றிய கையோடு ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் எனில், தமக்குக் கிடைத்ததைப் பிறர் அவரோடு பகிர்ந்திருக்க வேண்டும். அவர் தம்மால் இயன்றதைத் தம் கூட்டத்தாருக்குச் செய்துமிருக்க வேண்டும். இறந்தபின்னும் அவருக்கு அத்தனை உணவை வைத்தவர்கள், உயிரோடிருந்தபோது அவரைச் சுமையென்று ஒதுக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

“இதில் தமிழருக்கு என்ன இருக்கிறது?” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நம் முன்னோர் இந்நாட்டிற்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கதைதான் இது. எனினும், நம் பிள்ளைகள் பிறந்த மண்ணின் கதை. கடாரம் எவ்வளவு நமதோ, லெங்கோங்கும் அவ்வளவு அவர்களுடையது. நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் வரலாற்றுக்கு முற்பட்ட காலம் இடம்பெற்றுள்ளது. அதனைத் தேர்வுக்குரிய பெயர்ப் பட்டியலாக மனனம் செய்வித்தால், பேராக் மனிதனின் வயதும் உயரமும் மட்டுமே மாணவர் மனத்தில் நிற்கும். அவருக்கு உணவு கொடுத்த கைகளைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

பள்ளிச் சுற்றுலா என்றால் முதலில் விடுபடும் பெயர்கள் எவை என்பதை ஆசிரியர்கள் அறிவோம். மெதுவாக நடப்பவன், அடிக்கடி நோய்வாய்ப்படுபவள், பிறர் உதவியின்றி உண்ண இயலாதவன். ‘பிறருக்குத் தொல்லை’ என்று சில பெற்றோரே தம் பிள்ளையின் பெயரை நீக்கச் சொல்வதும் உண்டு.

நாங்கள் மாணவர்களோடு லெங்கோங் செல்லும்போது அப்பெயர்களையே பட்டியலில் முதலில் எழுத முடிவு செய்துள்ளோம். குகைவரை ஏற இயலாதவர்கள் கோத்தா தம்பானிலுள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். உடன் இருக்க ஆசிரியர் ஒருவர் இருப்பார். பெற்றோர்களே, இசைவுக் கடிதம் வீட்டிற்கு வரும்போது தயங்காமல் கையொப்பமிடுங்கள்.