ஹிஸ்பானிக்

அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகை தேடும் மாணவர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'ஹிஸ்பானிக்'. இது தோல் நிறத்தைச் சொல்வதல்ல. ஸ்பானிய மொழி, பண்பாட்டு வேர் உள்ளவரைக் குறிப்பது. வெள்ளையரும் கறுப்பரும் பழங்குடியினரும் இதற்குள் வருவார்கள்.

ஐபீரியத் தீபகற்பத்துக்கு, அதாவது இன்றைய ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் சேர்த்து, ரோமானியர் வைத்த 'ஹிஸ்பானியா' என்ற பெயரே இச்சொல்லின் வேர். அந்தப் பெயர் ஃபினீசிய மொழியிலிருந்து வந்தது, முயல்கள் மிகுந்த நிலம் என்று பொருள் என்பாரும் உண்டு. சுவையான ஊகம், அவ்வளவுதான்.

அமெரிக்க அரசு ஏடுகளில் சொல் நிலைபெற்றது 1970களில். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய, தென் அமெரிக்க வம்சாவளியினரை 1977இன் நடுவண் அரசு நெறிமுறை இந்த ஒரே தலைப்பின்கீழ் சேர்த்தது. எர்னஸ்ட் ரோபிள்ஸ் என்பவர் ஹிஸ்பானிக் உதவித்தொகை நிதியத்தைத் தொடங்கியது அதற்கும் முன்பு, 1975இல்.

குழப்பம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைக் குறிக்கும் 'லத்தினோ'வோடுதான். போர்ச்சுகீசியம் பேசும் பிரேசில்காரர் பொதுவழக்கில் லத்தினோ; ஹிஸ்பானிக் அல்ல. மாட்ரிட்காரருக்கு நேர்மாறு. எனவே உதவித்தொகையின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பது வீண்வேலை. தகுதி வரிகளைப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நடுவண் அரசின் பெல் உதவித்தொகைக்கு வம்சாவளி ஒரு தகுதியே அல்ல. அங்கே பார்க்கப்படுவது குடும்பத்தின் பொருளாதார நிலை.