ஒரு தாயின் தறி

வேலை மிகுந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு கூடை இருக்கும். பாதி தைத்து நின்ற பாவாடை, பொத்தான் வைக்கப்படாத சட்டை, பூவேலை தொடங்கி ஒரே ஓர் இதழோடு நின்றுபோன தலையணை உறை ஆகியவை அதில் கிடக்கும். தீபாவளிக்குள் முடித்துவிட எண்ணித் தொடங்கியது பொங்கலையும் கடந்துவிடும். அதற்குள் சட்டைக்கு உரிய பிள்ளை வளர்ந்தும்விடுவான். எங்கள் வீட்டில் அன்னையார் அக்கூடையைத் தையற்பொறியின் அடியில் வைத்திருந்தார். அவர் அதை வெளியே எடுத்தால் போதும். அடுப்பில் பால் பொங்கும், அல்லது வாயிலில் யாரேனும் அழைப்பர். நாங்கள் அதைக் கண்டு நகைத்ததுண்டு. அந்தக் கூடைக்குள்ளும் வரலாறு உண்டு என்பதை நான் உணர்ந்தது மிகவும் பிற்காலத்தில், கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தாயின் நாட்குறிப்பைப் பற்றிப் படித்தபோதுதான்.

அத்தாயின் பெயர் மார்த்தா பாலர்டு. 1735இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில் பிறந்தவர். 1754இல் எப்ரயிம் பாலர்டு என்பவரை மணந்தார். ஒன்பது மக்களைப் பெற்றார். 1769ஆம் ஆண்டுக் கோடையில் தொண்டை அடைப்பான் நோய் அவ்வூரில் பரவியபோது, சில வாரங்களுக்குள் மூன்று பெண்மக்களை இழந்தார். அப்பொழுது அவர் நிறைசூலி. அந்த ஆகஸ்டிலேயே பிறந்த பெண்தான் ஹன்னா. மூன்று ஆண்டுகள் கழித்து டாலி பிறந்தாள். இவ்விருவர் பெயரையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் கதையில் தறியில் அமர்பவர்கள் இவர்களே.

பின்னர்க் குடும்பம் வடக்கே, இன்று மெய்ன் மாநிலமாக விளங்கும் பகுதிக்குப் பெயர்ந்து, கென்னபெக் ஆற்றங்கரையில் ஹாலோவெல் என்னும் குடியேற்றத்தில் தங்கிற்று. கணவர் நில அளவையாளர். மரம் அறுக்கும் ஆலையும் மாவு அரைக்கும் ஆலையும் நடத்தியவர். மார்த்தாவோ மருத்துவச்சி. 1785ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்பொழுது கடைசி மகனுக்கு ஐந்தாறு வயதுதான். அன்று முதல் 1812ஆம் ஆண்டு மே 7 வரை, ஏறக்குறைய 10,000 நாட்களின் நிகழ்ச்சிகளை இறகுப் பேனாவால் எழுதினார். அக்காலத்தில் அவர் உடனிருந்து உதவிய பேறுகள் 816 என அந்நாட்குறிப்பு காட்டுகிறது.

816 வீடுகளின் கதவு தட்டல்கள் எத்தகைய குறுக்கீடுகள் என்பதை எண்ணிப் பாருங்கள். குழந்தை நாளும் பொழுதும் பார்த்துப் பிறப்பதில்லை. ஆறு உறைந்திருந்தால் பனிக்கட்டியின்மேல் நடந்தும், உருகியிருந்தால் படகேறியும் செல்ல வேண்டும். 1789 ஏப்ரலில் கடும் மழைக்காற்றில் அவர் சென்ற பயணம் ஒன்று உண்டு. அலைமோதும் ஆற்றைப் படகில் கடந்தார். ஓர் ஓடையை மிதக்கும் மரத்துண்டுகளின் மேல் தாண்டினார். வழியில் பெருமரம் ஒன்று வேரோடு பெயர்ந்து அவர் முன்னே விழக் குதிரை துள்ளிப் பின்வாங்கியது. அடுத்த ஓடையில் பாலமே இல்லை. அன்றிரவு பத்து மணிக்கு ஒரு பெண் குழந்தை நலமே பிறந்தது. அந்நேரத்தில் அவர் வீட்டில் எத்தனை கைவேலைகள் பாதியில் நின்றனவோ!

அவ்வேலைகளும் எளியவை அல்ல. ஒரு துண்டு லினன் துணிக்கு அக்காலத்தில் எத்தனை படிகள் என்பதைச் சொன்னால் இன்றைய தையற்கூடை விளையாட்டாகத் தோன்றும். வசந்தத்தில் ஆளிச் செடிக்கு விதைக்க வேண்டும். கோடையில் அதை அறுப்பதில்லை. நாரின் நீளம் குறையாதபடி வேரோடு பிடுங்கி உலர்த்த வேண்டும். விதையைப் பிரித்தபின் தண்டைப் பனியிலோ நீரிலோ கிடத்தி மெல்ல அழுகவிட்டு, பின் உடைத்து, தட்டி, இரும்புப் பற்கள் நிறைந்த சீப்பில் வாரினால்தான் பொன்னிற நார் வெளிப்படும். அதை இராட்டையில் நூற்று, நூலை வெளுத்து, பாவு ஓட்டி, விழுதிலும் அச்சிலும் இழை இழையாகக் கோத்து, பிறகுதான் நாடா ஓட வேண்டும். இவற்றுக்கெல்லாம் பின்னரே ஊசிக்கு வேலை. விதைத்த ஆண்டிலேயே சட்டை உடலில் ஏறினால் அது நற்பேறு. ஆட்டுமயிர்த் துணிக்கோ இன்னொரு வரிசை.

ரொட்டிக்கும் இதே கதிதான். அக்காலச் செங்கல் அடுப்பைச் சூடேற்ற விறகை மணிக்கணக்கில் உள்ளேயே எரிக்க வேண்டும். பின் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, செங்கல்லில் தங்கிய வெப்பத்திலேயே ரொட்டியும் அப்பமும் வேக வேண்டும். பிசைந்த மாவு பொங்கிக் காத்திருக்க, அடுப்பு பதமாகச் சூடேறியிருக்க, வாயிலில் குதிரையோடு ஒருவர் வந்து நின்றால் யாது செய்வது?

1787ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் குறிப்புகள் இதற்கு விடை தருகின்றன. 3ஆம் நாள் வெயில் கடுமை. மார்த்தா ஆளிச் செடி பிடுங்குகிறார். 4ஆம் நாள் நண்பகல்வரை அதே வேலை. பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஆலங்கட்டி மழை. அண்டையிலுள்ள வெஸ்டர்ன் கோட்டையில் 130 கண்ணாடிப் பலகைகள் உடைந்தனவாம். மறுநாள் காலை ஏழு மணிக்கே நோயுற்ற ஒரு சிறுவனைப் பார்க்க அழைப்பு, அன்றிரவு அங்கேயே. தொடர்ந்து வேறு வீடுகள். ஒரு வீட்டில் விடியுமுன் ஒரு குழந்தையின் இறப்பு. அதற்குச் சில நாட்களுக்குப் பின்பே எஞ்சிய ஆளிச் செடியிடம் அவர் மீண்டும் வர முடிகிறது. அன்று முற்பகல் செடி பிடுங்குகிறார், பிற்பகல் மழை, களைப்பு மிகுந்து படுக்கையில் சாய்கிறார். அந்தக் குறிப்பிலேயே, ஹன்னா என்னும் பெயருடைய பெண்கள் இருவர் துணி துவைப்பதாகவும், டாலி நெய்துகொண்டிருப்பதாகவும் எழுதுகிறார். ஒருத்தி அவர் மகள். மற்றவள் வீட்டோடு தங்கி வேலைக்கு உதவிய பெண். அன்றிரவு பதினொரு மணிக்கு மறுபடியும் பேறு பார்க்க அழைப்பு.

தாய் படுத்திருக்கிறாள், தறி ஓடுகிறது. மார்த்தாவின் வீட்டில் வேலை எப்படி முடிந்தது என்பதற்கு இந்தச் சிறு குறிப்பு ஒன்றே போதும். அவர் திறமையாலோ, அதிகாலையில் எழுந்ததாலோ மட்டும் முடியவில்லை. அவர் விட்ட இழையை எடுத்து ஓட்ட வேறொரு கை இருந்ததால் முடிந்தது. டாலிக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. நம் நாட்டுக் கைத்தறி வீடுகளில் பெரும்பாலும் ஆடவர் தறியில் அமர்வர். தார் சுற்றுவதும் பாவுக்குத் துணைநிற்பதும் மகளிர், சிறுவர் பங்கு. அந்நாளைய நியூ இங்கிலாந்திலோ நாடாவும் பெண்கள் கைக்கே வந்துவிட்டது. ஹன்னாவும் டாலியும் தம் வீட்டுக்கு மட்டுமன்றி அண்டை வீடுகளுக்கும் நெய்தனர். மார்த்தாவின் தங்கை மகள் பார்த்தீனியா பார்ட்டன் வந்து தங்கி அவர்களோடு சேர்ந்து உழைத்தாள். (இதே பார்ட்டன் குடும்பத்தில்தான் பின்னாளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் தோன்றினார்.) பஞ்சு இடையிட்ட போர்வை தைக்க வேண்டுமானால் அண்டைப் பெண்கள் கூடுவர், தைத்து முடித்த மாலையில் இளைஞர்களும் வந்து விருந்தும் ஆடலும் நடைபெறும். ஒருத்தி தனித்திருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும் போர்வை ஒரு நாளில் முடிந்துவிடும்.

1792இல் ஹன்னாவுக்கும் பார்த்தீனியாவுக்கும் அடுத்தடுத்துத் திருமணமாயிற்று. அவ்வூர் வழக்கப்படி மணப்பெண் உடனே புகுந்த வீடு செல்லவில்லை. சில வாரங்கள் தாய் வீட்டிலேயே இருந்து, புதுக் குடித்தனத்துக்கு வேண்டிய போர்வைகளையும் துணிகளையும் தைத்து முடித்த பிறகே சென்றாள். வேலை முடியும்வரை திருமணமே ஒரு வகையில் காத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்! 1795இல் டாலியும் மணமாகிச் சென்றாள். அதன் பின் நாட்குறிப்பில் தறியின் பேச்சுக் குறைகிறது. கூலிக்கு வந்த பெண்கள் நிலைக்காமல் போவதைப் பற்றிய பேச்சு மிகுகிறது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஒரு நள்ளிரவில், பெண்ணின் வேலைக்கு முடிவு என்பதே இல்லை என்னும் பொருள்பட எழுதி, கணவர் தம்மை உறங்க அழைப்பதையும் குறிக்கிறார். அறுபது வயது, கதவு தட்டல்கள் நிற்கவில்லை, விட்ட இழையை எடுக்கும் கைகள் மட்டும் இல்லை.

வரிவசூல் பொறுப்பில் கணக்குத் தீர்க்க இயலாத எப்ரயிம் 1804இல் கடன்காரர் சிறைக்குச் சென்றார். ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தார். வீட்டில் விறகு வெட்ட ஆளில்லை. விறகில்லாத வீட்டில் ரொட்டி அடுப்பின் கதி என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மகன் குடும்பம் அவ்வீட்டில் வந்து குடியேற, மார்த்தா தம் வீட்டிலேயே ஓர் அறையில் ஒதுங்கி வாழ்ந்தார். அந்த நாட்களின் குறிப்புகளில் உள்ள மனத்தாங்கல் படிப்பவர் நெஞ்சைத் தொடுவது.

நாட்குறிப்பின் ஒரு வழக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். பேறு பார்த்த நாளின் ஓரத்தில் பிறப்பைக் குறித்து, கூலி வந்தபின் இரண்டு பெருக்கற்குறி இடுவார். அந்த வேலை முடிந்தது, கணக்கும் தீர்ந்தது என்பதற்கு அடையாளம் அது. நெசவுக்கும் ரொட்டிக்கும் அத்தகைய குறி எதுவும் இல்லை. நெய்தது தேயும், சுட்டது தீரும். மறுபடியும் தொடங்க வேண்டும். இதனால்தானோ என்னவோ, பழைய வரலாற்றாசிரியர்கள் இந்நாட்குறிப்பைப் புரட்டிவிட்டு, அன்றாட வீட்டுச் சில்லறைச் செய்திகளே நிறைந்தது என்று ஒதுக்கினர். அந்தச் சில்லறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர் லாரல் தாட்சர் உல்ரிக் என்னும் வரலாற்றுப் பேராசிரியர். யார் நூற்றார், யார் பாவு ஓட்டினார், யாருக்குப் பண்டமாற்றாக எது சென்றது என்று அவர் கோத்தபோது, ஆடவரின் மர வணிகத்துக்கு அருகிலேயே பெண்கள் தமக்குள் நடத்திவந்த ஒரு தனிப் பொருளாதாரம் தெரிந்தது. கணவரின் கணக்கேட்டில் தேடினால் அது கிடைக்காது. 1990இல் வெளியான அவருடைய நூலுக்கு மறு ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

தமிழில் இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்ற ஒரே பெயர். மார்த்தாவின் ஏடு அவ்விரண்டுமாக இருந்தது. தாள்களை மடித்துச் சிறு சிறு ஏடுகளாகத் தம் கையாலேயே தைத்து எழுதினார். 1812 ஏப்ரலில் கடைசிப் பேறு பார்த்தார். மே 7இல் கடைசிக் குறிப்பு. சூன் மாதச் செய்தித்தாளில், எப்ரயிம் பாலர்டின் மனைவி 77 வயதில் இறந்தார் என்று ஒரு வரி வந்தது. மருத்துவச்சி என்ற சொல் அதில் இல்லை.

ஏடுகள் டாலியின் குடும்பத்துக்குச் சென்றன. நெடுங்காலம் முன்பின் தொடர்பற்ற தாள்களாகக் கிடந்தவை, பின்னர் ஒழுங்கு செய்யப்பட்டு இரு தொகுதிகளாகக் கட்டப்பட்டன. 1884இல் அவை டாலியின் வழித்தோன்றலான மேரி ஹோபார்ட் என்னும் பெண்ணின் கைக்கு வந்தன. அவர் அவ்வாண்டில்தான் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தார். 1930இல் அவர் அத்தொகுதிகளை, மார்த்தா வாழ்ந்த அதே ஆற்றங்கரையில், அகஸ்டா நகரிலுள்ள மெய்ன் மாநில நூலகத்துக்கு வழங்கினார்.