சிதறிக் கிடக்கும் பாடங்களை ஒரே இடத்தில் தேடிய கதை

சற்று நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் எமது ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பேச்சு வந்தது. ஓய்வு பெற்றுப் போன விஞ்ஞான ஸேர் ஒருவர் வருடக் கணக்காகத் தயாரித்த அலகு வினாத்தாள்கள் இப்போது எங்கே? யாரிடமோ ஒரு பென் டிரைவில் இருக்கிறது என்றார்கள். இல்லை, வாட்ஸ்அப் குழுவில் போட்டோமே என்றார் இன்னொருவர். போட்ட போனே இப்போது இல்லை. கொரோனா காலத்தில் நாம் தயாரித்த செயலட்டைகளின் கதியும் இதுதான்.

"எல்லாவற்றையும் ஒரே வெப்சைட்டில் போட்டால் சரிதானே ஸேர்?" என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். முன்பொரு தடவை அப்படித்தான் செய்தோம். தளத்தை நடத்தியவர்கள் வருடக் கட்டணம் கட்டாமல் விட்டார்கள், நாம் ஏற்றியதும் அதோடு போய்விட்டது.

இதே தலையிடி நமக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடியபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் மாட்டிக்கொண்டவர்கள் நூலகர்கள். ஒரு நூலகத்தின் கணினியில் இருந்துகொண்டே இன்னொரு நூலகத்தின் பட்டியலில் தேட வேண்டும். அதற்காக அமெரிக்காவில் உருவான நியமத்தின் பெயர் இசட்39.50. முதல் பதிப்பு 1988 இல் வந்தது. இன்று நாம் பாவிக்கும் வெப் அப்போது பிறக்கவே இல்லை. வேலை செய்தது, ஆனால் மிகக் கனமானது. நூலகக் கணினித் துறையில் ஊறியவர்களைத் தவிர மற்றவர்கள் கிட்டப் போகத் தயங்கினார்கள்.

பிறகு பாடங்களின் முறை வந்தது. 1996 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவின் நிதியில் ஆரியாட்னி என்ற திட்டம் ஆரம்பமானது. விரிவுரைக் குறிப்பு, படம், பயிற்சி எல்லாவற்றையும் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் களஞ்சியம் அது. 1997 இல் கலிபோர்னியா அரச பல்கலைக்கழகத்தில் மேர்லொட் தொடங்கியது. கனடா, ஜப்பான், அவுஸ்திரேலியாவிலும் இப்படி உருவாகின. ஒவ்வொன்றும் நல்ல களஞ்சியம், ஆனால் ஒன்றில் தேடுபவருக்கு மற்றதில் இருப்பது தெரியாது. நமது பென் டிரைவ்கள் போலத்தான், அளவில் மட்டும் பெரியவை. 2004 இல் இந்த ஐந்து தரப்பும் சேர்ந்து குளோப் என்ற கூட்டணியை அமைத்தன.

எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொட்டுவது அவர்களின் எண்ணமாக இருக்கவில்லை. கச்சேரியை நினைத்துப் பாருங்கள். உள்ளே கோப்புகளை எந்த அலுமாரியில், எந்த ஒழுங்கில் வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. யன்னலில் படிவத்தைக் கொடுக்கிறோம், பதில் வருகிறது. அதே மாதிரி, ஒவ்வொரு களஞ்சியமும் தன் வீட்டை மாற்றாமல் வெளியே ஒரு சேவை யன்னலை மட்டும் திறக்கட்டும், எல்லா யன்னலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றார்கள்.

அந்த யன்னலுக்கான நியமம்தான் எஸ்.கியூ.ஐ, அதாவது எளிய வினவல் இடைமுகம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் டுவால், வியன்னா பொருளாதாரப் பல்கலைக்கழகத்தின் பேர்ண்ட் சைமன் போன்றோர் இதில் முன்னின்றார்கள். 2005 இல் ஐரோப்பிய நியமக் குழுவின் உடன்படிக்கையாக அது வெளியானது. கட்டளைகள் சிலவே. தொடர்பைத் திற, எந்த வினவல் மொழியில் கேட்கிறாய் என்று சொல், எத்தனை பதில் வேண்டும் என்று சொல், கேள். உடனே பதில் வாங்கலாம். அல்லது கேட்டுவிட்டுப் போகலாம், பதில் ஆயத்தமானதும் அந்தக் களஞ்சியமே அனுப்பிவைக்கும். கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்பதை மட்டும் இந்த நியமம் கட்டாயப்படுத்தவில்லை. அதை அவரவர் பேசித் தீர்க்க வேண்டும்.

கேட்க அழகாக இருக்கிறது. சிக்கல் நடைமுறையில் வந்தது. பத்துக் களஞ்சியங்களிடம் ஒரே நேரத்தில் கேட்டால், மிக மெதுவானவர் பதில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது அவரை விட்டுவிட வேண்டும். ஒன்றின் சேவர் படுத்துவிட்டால் அங்கிருப்பது இல்லை என்றே தோன்றும். ஒவ்வொருவரும் தம் பதில்களைத் தம் அளவுகோலில் தரப்படுத்தி அனுப்பினால், எதை முதலில் காட்டுவது?

இதற்கிடையில் இன்னொரு கூட்டம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. 1991 இல் போல் கின்ஸ்பார்க் லொஸ் அலமோஸில் ஆர்க்கைவ் என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியத்தைத் தொடங்கியிருந்தார். அவ்வகைக் களஞ்சியங்களை நடத்தியவர்கள் 1999 ஒக்டோபரில் அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் கூடினார்கள். தேடும் நேரத்தில் எல்லார் கதவையும் தட்டுவது ஏன்? முன்கூட்டியே எல்லாரிடமும் விபரச்சீட்டுகளை மட்டும் சேகரித்து வைத்தால் என்ன? பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த யோசனை 2001 இல் ஓ.ஏ.ஐ-பி.எம்.எச் என்ற நெறிமுறையாக வந்தது, 2002 இல் இரண்டாம் பதிப்பு. மொத்தமே ஆறு கட்டளைகள். "போன தடவை நான் வந்த பிறகு புதிதாக என்ன சேர்ந்தது?" என்று கேட்கலாம் என்பதுதான் அதன் கெட்டித்தனம்.

நடைமுறையில் வென்றது இதுதான். ஆரியாட்னியும் குளோப்பும் கூடப் பின்னாளில் சீட்டுகளைச் சேகரித்து வைத்து, அந்தச் சேகரிப்பின் மீது தேடும் வழிக்கு வந்தன. நமக்கும் இது தூரமான கதையல்ல. நம் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பல டீஸ்பேஸ் என்ற இலவச மென்பொருளில் களஞ்சியம் நடத்துகின்றன, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று. அந்த மென்பொருளுக்குள் ஓ.ஏ.ஐ யன்னல் இருக்கிறது.

ஆனால் யன்னலை விடப் பெரிய தடை சீட்டுதான். 2002 இல் பாடப் பொருட்களுக்கான விபர நியமத்தை ஐ.ஈ.ஈ.ஈ வெளியிட்டது. ஒன்பது பிரிவுகள், எழுபதுக்கும் மேற்பட்ட கூறுகள். யார் நிரப்புவது? ஆசிரியர்கள் நிரப்பவில்லை. (அங்கும்தானா என்று வாசித்தபோது சிரிப்பு வந்தது. பதிவேடு நிரப்பியே கை ஓய்ந்தவர்கள் நாம்.) எரிக் டுவாலே, படிவத்தை மனிதர் நிரப்பும் முறை போக வேண்டும், கணினி தானாக எழுத வேண்டும் என்று வாதிட்டார். 2016 இல் அவர் காலமானார். இதற்கு மாறாக, டப்ளின் கோர் என்ற பழைய நியமத்தில் பதினைந்தே கூறுகள், ஒன்றும் கட்டாயமில்லை. ஓ.ஏ.ஐ அதைத்தான் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சமாக வைத்தது.

ஆகவே இப்போதைக்கு வெப்சைட் வேண்டாம் என்று நாம் சில பேர் பேசி வைத்திருக்கிறோம். கோப்புகள் அவரவர் கூகுள் டிரைவிலோ பாடசாலைக் கணினியிலோ இருக்கட்டும். சீட்டு மட்டும் பொதுவாக, ஒரே அட்டவணையில்: தரம், பாடம், அலகு, மொழிமூலம், ஆண்டு, தயாரித்தவர், கோப்பு இருக்கும் இடம். ஏழு கூறுகள், அதற்கு மேல் கேட்கமாட்டோம். அந்த அட்டவணையின் பிரதி குறைந்தது மூன்று பாடசாலைகளில் இருக்கும்.

விஞ்ஞான ஸேரின் பென் டிரைவ் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அதிலிருந்துதான் தொடங்கப் போகிறோம்.