கடைசி வீட்டின் கம்பி

புதிதாக வீடு கட்டுகிறவர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கிறார்? நீர் வரும் வழி, கழிவுநீர் போகும் வழி, மின்விளக்கு, காற்றும் ஒளியும் புகும் சாளரம் ஆகிய அனைத்தையும் அடித்தளம் தோண்டுமுன்பே வரைபடத்தில் குறித்து விடுகிறார். இணைய இணைப்பு மட்டும் பெரும்பாலும் சுவருக்கு வண்ணம் பூசி முடிந்த பிறகே நினைவுக்கு வருகிறது. அப்பொழுது விண்ணப்பம் செய்தால், “தெருமுனை வரையில் கம்பி வந்துள்ளது, உங்கள் வீட்டுக்குத்தான் இல்லை” என்று விடை வருவதும் உண்டு. தெருமுனைக்கும் வாயிற்படிக்கும் இடையே உள்ள இச்சிறு தொலைவுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதனையே இன்று மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1878 சனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், 21 சந்தாதாரர்களைக் கொண்டு, வணிக முறையிலான முதல் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1882இல் அதே நாளில், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களிலும் இணைப்பகங்கள் தொடங்கப்பெற்றன. சென்னையில் அது அமைந்த இடம் எது? வணிகம் செழித்திருந்த எர்ரபாலு செட்டித் தெரு. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. நூறு கடைகள் நெருங்கி நிற்கும் தெருவில் ஒரு கம்பத்தின் செலவை நூறு பேர் பகிர்ந்துகொள்வர். மைலுக்கு இரண்டே வீடுகள் உள்ள நாட்டுப்புறத்தில் அச்செலவை யார் ஏற்பது? இலாபம் நாடும் நிறுவனம் வீடுகள் நெருங்கிய இடத்துக்கே முதலில் செல்லும். கடைசி வீடு காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்க மனமில்லாத சிலர் இருந்தனர். அவர்கள் அமெரிக்க நாட்டு உழவர்கள். 1893, 1894ஆம் ஆண்டுகளில் பெல்லின் முதன்மையான காப்புரிமைகள் காலாவதியாயின. அதன்பின் எவரும் தொலைபேசிக் கருவியை வாங்கலாம் என்னும் நிலை வந்தது. ஆனால் கம்பிக்கு எங்கே போவது? கால்நடைகள் வெளியேறாதபடி மைல் கணக்கில் அவர்கள் கட்டியிருந்த முள்வேலி கண்முன்னே நின்றது. அதுவும் கம்பிதானே! வேலியின் ஒரு கம்பியைத் தொலைபேசிக் கருவியோடு இணைத்தனர். மின்னோட்டம் மரக்கம்பத்தின் வழியே தரையில் இறங்காமல் இருக்க, உடைந்த புட்டியின் கழுத்தையும் தோல் துண்டையும் கம்பிக்கு அடியில் வைத்தனர். ஒரே கம்பியில் பல வீடுகள் இருந்தமையால், மணி ஒலிக்கும் முறையைக் கொண்டே இன்னாருக்கு அழைப்பு என்று அறிந்தனர். ஒருவர் பேசுவதை ஊரே கேட்கலாம். மழை பெய்தாலோ, மாடு வேலியை முறித்தாலோ பேச்சும் நின்றுபோகும். ஆயினும் மருத்துவரை அழைக்கவும், சந்தை விலையை அறியவும், தனிமையைப் போக்கவும் அந்த வேலி அவர்களுக்குப் பெருந்துணையாய் இருந்தது.

இத்தகைய முயற்சிகளால் 1920ஆம் ஆண்டில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் நூற்றுக்கு 39இல் தொலைபேசி இருந்தது. அதன்பின் என்ன நிகழ்ந்தது? விளைபொருளின் விலை வீழ்ந்தது, பெருமந்தம் வந்தது, பழைய கம்பிகளைப் பழுதுபார்க்கப் பணமில்லை. 1940இல் அவ்வெண் நூற்றுக்கு 25 ஆகச் சுருங்கிவிட்டது. முன்னேற்றம் என்பது எப்பொழுதும் முன்னோக்கியே செல்லும் என்று நம்புவோர் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். உழவர்களிடம் ஊக்கம் இருந்தது. நிலைத்த முதல் இல்லை. 1949 அக்டோபர் 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஒப்பமிட்ட சட்டம் அக்குறையைத் தீர்க்க முற்பட்டது. நாட்டுப்புற மின்வசதிக்கென 1936இல் இயற்றப்பெற்ற சட்டத்தை அது விரிவாக்கி, தொலைபேசிக்கும் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைக்க வழி செய்தது. அவ்வுதவியால் வளர்ந்த கூட்டுறவுச் சங்கங்கள் பல, இன்று அதே பண்ணைகளுக்கு இணையத்தைக் கொண்டு செல்கின்றன.

இணையம் வந்த காலத்தில் பழைய செப்புக் கம்பியே முதலில் அதற்கும் வழியாயிற்று. ஆனால் செப்புக் கம்பிக்கு ஓர் இயல்பு உண்டு. விரைந்து துடிக்கும் மின்குறிகள் அதில் தொலைவு செல்லச் செல்லத் தேய்ந்துவிடும். இணைப்பகத்துக்கு அருகில் உள்ள வீட்டில் விரைவாக வரும் செய்தி, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வீட்டில் ஊர்ந்து வரும். கடைசி வீடு மீண்டும் கடைசியிலேயே நின்றது.

இதற்கு மாற்று கண்ணாடியில் கிடைத்தது. கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால், மெல்லிய இழையின் வழியே ஒளியை நெடுந்தொலைவு செலுத்தலாம் என்று சார்லசு காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966இல் எழுதினர். 1970இல் கார்னிங் நிறுவனத்து அறிஞர் மூவர் அத்தகைய இழையைச் செய்தும் காட்டினர். ஒரு கிலோமீட்டர் சென்ற பின்னும் புகுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சியது. இன்றைய இழைகளில் பெரும்பகுதி எஞ்சுகிறது. இனித் தொலைவு பெருந்தடை அன்று. மண்ணைத் தோண்டும் செலவே தடை!

அத்தடையை இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிச் சிற்றூர் மக்கள் எவ்வாறு வென்றனர் என்பதைக் கேளுங்கள். பெருநிறுவனங்கள் தங்கள் ஊர்களுக்கு வாரா என்று கண்ட அவர்கள், 2011இல் ‘வட நாட்டுப்புறத்திற்கான அகலக்கற்றை’ என்னும் பொருளுடைய பெயரில் ஒரு சமுதாய நலச் சங்கம் அமைத்தனர். ஊரார் பங்குகள் வாங்கினர். நிலமுடையோர் தம் வயல் வழியே குழாய் பதிக்க வாடகையின்றி இசைவு தந்தனர். சாலையை உடைப்பது செலவு மிக்கது; வயலைத் தோண்டுவது எளிது. உழவர்களும் தொண்டர்களும் தாமே பள்ளம் வெட்டிக் குழாய் பதித்தனர். காற்றழுத்தத்தின் உதவியால் அதனுள் இழையைச் செலுத்தினர். நகரத்தார் பலரும் அந்நாளில் கண்டிராத, நொடிக்கு ஒரு கிகாபிட் வேக இணைப்பு அவ்வீடுகளுக்குக் கிடைத்தது. முள்வேலித் தொலைபேசியின் மரபு மறையவில்லை!

சட்டமும் மெல்ல அவ்வழியே வந்தது. பின்லாந்து 2010 சூலை முதல் நாளிலிருந்து நொடிக்கு ஒரு மெகாபிட் இணைப்பைக் குடிமக்களின் சட்டபூர்வ உரிமையாக்கியது. பிரிட்டனில் நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பைக் கேட்டுப் பெறும் உரிமை 2020 மார்ச்சு 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கொள்ளைநோயின் காரணமாக அந்நாட்டுப் பள்ளிகள் பெரும்பாலான மாணவர்க்கு மூடப்பட்டதும் அதே நாளில்தான். வகுப்பறை வீட்டுக்குள் புகுந்தபொழுது, நல்ல இணைப்பு உள்ள மாணவனுக்கும் இல்லாத மாணவனுக்கும் இடையே எத்துணை இடைவெளி என்பதை உலகம் கண்டது. ஆயினும் அவ்வுரிமைக்கும் ஓர் எல்லை இருந்தது. செலவு 3,400 பவுனை மிஞ்சினால், மிகுதியை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும்.

இந்த அனுபவங்களுக்குப் பின், 2022 டிசம்பர் 26 முதல் இங்கிலாந்தில் புது வீடுகளுக்கு ஒரு விதி வந்தது. கட்டும்பொழுதே கண்ணாடி இழைக்கு உரிய குழாய்வழி அமைத்தல் வேண்டும். வீடொன்றுக்கு 2,000 பவுன் செலவுக்குள் இயலுமானால் கிகாபிட் இணைப்பையும் தருதல் வேண்டும். இதன் நுட்பம் எளியது. நீருக்கும் மின்சாரத்துக்கும் மண் திறந்திருக்கும்பொழுது ஒரு வெறுங்குழாயையும் சேர்த்துப் பதிப்பதற்கு ஆகும் செலவு சிறிது. தரை போட்டு மூடிய பிறகு அதனை உடைத்துப் பதிப்பதற்கு ஆகும் செலவு பெரிது.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளைப் பொறியாளர் ஆவீர். சிலர் சட்டம் இயற்றுவீர். பலர் சொந்த வீடு கட்டுவீர். அடித்தளம் தோண்டும் நாளிலேயே அந்த வெறுங்குழாயை நினைவிற் கொள்ளுங்கள். அதனினும் மேலாக, உங்கள் தெருவுக்கு இணைப்பு வந்த மகிழ்ச்சியில், தெருவுக்கு அப்பால் தனித்து நிற்கும் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். ஒரு வலையமைப்பின் சிறப்பை அதன் முதல் வீட்டைக் கொண்டு அளத்தல் கூடாது. கடைசி வீட்டைக் கொண்டே அளத்தல் வேண்டும்.